வெட்டிப் போட்ட நாலு நிமிஷம்

— நிறுத்து, நிறுத்து. யாருடா அது? நானா?

— நீதான் அக்கா.

— அடப்பாவி! இவ்வளவு ஒல்லியாவா இருந்தேன்? அந்த இடுப்பை எங்க கொண்டுபோய்த் தொலைச்சேன்?

— முப்பது வயசு அப்ப உனக்கு.

— வயசைச் சொல்லச் சொல்லி யாராவது கேட்டாங்களா? மறுபடி ஓட்டு. ஏன்டா சத்தமே வரல? வாயைத் திறந்து திறந்து மூடறேன், பார்க்கவே கண்றாவியா இருக்கு.

— சத்தம் கிடையாதுக்கா. அப்பல்லாம் ஷூட்டிங்ல பேசறது எதுக்கும் உதவாது. கேமரா ஓடற கிர்ர் சத்தம்தான் கேக்கும். எல்லாரும் அப்புறமா இந்த மாதிரி ஒரு ரூமுக்கு வந்து, படத்தைப் பார்த்துப் பேசிட்டுப் போவாங்க. நீ வந்து பேசறதுக்குள்ள இந்த சீனே படத்துல இல்லாம போயிடுச்சு. அதனாலதான் இப்ப வரச் சொன்னேன்.

— இருபத்திநாலு வருஷம் கழிச்சு.

— ஆமா.

— சும்மா சொல்லக் கூடாது, என் தம்பிக்கு என் மேல ரொம்பப் பாசம்.

— அக்கா...

— சரி சரி, மூஞ்சியைத் தொங்கப் போடாதே. அம்மா என்ன பண்றா பாரு. இந்தக் கண்ணாடி வழியா எட்டிப் பார்த்தா எனக்கு என் மூஞ்சிதான் தெரியுது.

— உள்ள விளக்கை அணைச்சிருக்கோம், அதான். சோபால சாஞ்சிட்டா. குறட்டை ஸ்பீக்கர்ல கேக்குதே, அது போதாதா?

— இது அம்மாவோட குறட்டையா? ஏதோ மெஷின் ஓடுதுன்னு நினைச்சேன்.

— அந்த ரூம்ல மைக் திறந்தே இருக்கு. அங்க குண்டூசி விழுந்தாலும் இங்க கேக்கும். நாம பேசறது அங்க கேக்காது.

— காதுல அந்த ஹெட்போனை மாட்டிவிட்டேன். குளிர் ஏறாம இதமா இருக்காம், கழட்ட மாட்டேங்கறா. வீட்டுல தனியா விட்டுட்டு வர முடியலடா, அடுப்பை ஏத்திட்டு மறந்துடறா. அதோட காலையில இருந்து நச்சரிப்பு வேற. நானும் வர்றேன், நானும் பாக்கறேன்னு.

— அவகிட்ட ஏதாவது சொல்லணும்னா இந்தப் பொத்தானை அழுத்திட்டுப் பேசு.

— இதா? அம்மா! அம்மா, குளுருதா?

— குளிரலடி பெரியவளே. உன் சீன் வந்தா எழுப்பு.

— எழுப்பறேன், எழுப்பறேன். நீ படு. சின்னவனே, இதை எப்படிடா நிறுத்தறது?

— கையை எடுத்துட்டா போதும், தானா கட்டாயிடும்.

— அப்பாடா. அந்த சவுண்டு பாக்கற ஆள் எங்க? டைரக்டர் எப்ப வர்றார்?

— அவர் டீ குடிக்கப் போயிருக்கார். டைரக்டர் பன்னெண்டு மணிக்கு வர்றார். இன்னும் அரை மணி நேரம் இருக்கு.

— எதுக்குடா இப்ப இந்த நீட்டல்? ரெண்டரை மணி நேரம் அந்தப் படம். போதும் போதும்னு இருந்ததே.

— கேக்கறாங்கக்கா. அப்ப மூணு வாரம்கூட ஓடல. இப்ப இருபது வயசுப் பசங்க தலையில தூக்கி வச்சு ஆடறாங்க. வெட்டினது அத்தனையும் சேர்த்து, முழுசாக் காட்டுங்கன்னு ஒரே பிடிவாதம். முப்பத்தோரு நிமிஷம் புதுசா சேர்க்கறோம். அதுல உன்னோடது நாலு நிமிஷம் பத்து செகண்ட்.

— வெட்டறதுக்கும் உனக்குச் சம்பளம், ஒட்டறதுக்கும் உனக்குச் சம்பளம். சும்மா சொல்லக் கூடாது, நல்ல பொழப்பு.

— நீ வேற.

— எங்க டெலிபோன் ஆபீஸ்ல எனக்கு என்ன பேர் தெரியுமா?

— என்ன பேர்?

— இடைவேளை அக்கா.

— ஏன்?

— ஏனா? முதல் நாள் ஆபீஸ் மொத்தத்தையும் கூட்டிட்டுப் போனேனே. இருபத்தாறு பேரு, ஒரு முழு வரிசை. அவங்க பாட்டுக்குக் கேக்கறாங்க, எங்கம்மா உன் சீன், எங்கம்மா உன் சீன்னு. நான் இடைவேளைக்கு அப்புறம், இடைவேளைக்கு அப்புறம்ங்கறேன். இடைவேளைக்கு அப்புறம் கதை முடிஞ்சது, பேரெல்லாம் ஓடிச்சு, திரையும் வெள்ளையாயிடுச்சு. கூட்டிப் பெருக்க வந்த ஆள் காலைத் தூக்கும்மாங்கறார், நான் இன்னும் உக்காந்திருக்கேன். ஒருத்தரும் திட்டலடா. திட்டியிருந்தா தேவலை. பரவாயில்லம்மா, படம் நல்லாத்தான் இருந்ததுன்னு சொல்லிட்டுப் போனாங்க. மறுநாள்ல இருந்து நான் எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பு. அக்கா, லீவு போடறீங்களா, இடைவேளைக்கு அப்புறமா? இன்னைக்குக் காலையில லீவு சொன்னப்பகூடக் கேட்டான் ஒருத்தன். அப்பப் பொறந்தே இருக்க மாட்டான் அவன்.

— நீ இதெல்லாம் என்கிட்ட சொன்னதே இல்லையே.

— எதைச் சொல்றது? மானம் போச்சுன்னு நோட்டீஸ் அடிச்சா ஒட்டுவாங்க? அதுவாவது போகட்டும். அதே டைரக்டர் அடுத்த படத்துக்கு வரச் சொல்லி ரெண்டு தடவை ஆள் அனுப்பினாரே, அதுக்கும் நான் போகல.

— தெரியும்.

— எந்த மூஞ்சியை வச்சுட்டுப் போறது? ஒரே ஒரு சீன் கொடுத்தார், அதையும் தூக்கிட்டார். நீதானே வந்து சொன்னே, நீளம் அதிகம்னு டைரக்டர் எடுத்துட்டார்னு. சரி, நமக்கு நடிப்பு வரல, பரிதாபப்பட்டுக் கூப்பிடறார்னு விட்டுட்டேன். டெலிபோன் ஒயரே கதின்னு உக்காந்துட்டேன். இன்னைக்கு வரட்டும், கேக்கப் போறேன். சண்டைக்கு இல்ல. நான் அவ்வளவு மோசமா சார்னு ஒரு வார்த்தை.

— கேக்காதே அக்கா.

— ஏன்? கேட்டா என்ன, தலையைச் சீவிடுவாரா?

— அது வந்து... அதுக்குத்தான் அவருக்கு முன்னாடி உன்னை வரச் சொன்னேன்.

— என்னடா புதுசா இழுக்கறே?

— படத்தைப் பாரு. எப்படி இருக்கு?

— பளிச்சுனு இருக்கு. மூக்கு மேல மச்சம்கூடத் தெரியுது.

— ஒரு கோடு, ஒரு கீறல் ஏதாவது இருக்கா?

— ஒண்ணும் இல்லையே.

— இந்த நெகட்டிவ் லேப்ல மெஷின்ல மாட்டிக் கீறிக் கிழிஞ்சு போச்சுன்னு டைரக்டர் இத்தனை வருஷமா நம்பிட்டு இருக்கார். படம் வர நாலு நாள்தான் இருந்தது, மறுபடி எடுக்க நேரமில்ல. படத்துலயே நல்ல சீன் போச்சேன்னு என் பக்கத்துல உக்காந்து அழுதார் அந்த மனுஷன். இப்ப போன வாரம் கிடங்குல இருந்து பெட்டி வந்தது. திறந்தா, இப்படி இருக்கு. சீன் கிடைச்சிருக்குன்னு மட்டும்தான் அவருக்குத் தெரியும், இன்னும் பார்க்கல.

— அப்ப அவர் வெட்டலயா?

— இல்ல.

— நெகட்டிவும் கெட்டுப் போகல.

— இல்ல.

— பின்ன கெட்டுப் போச்சுன்னு அவர்கிட்ட யாருடா சொன்னது? வாயைத் திற.

— நான்தான்.

— என்ன நான்தான்?

— நான்தான் அக்கா பொய் சொன்னேன். எடிட்டர் சார் உடம்பு முடியாம படுத்துட்டார், கடைசி ரெண்டு ரீல் என் கையில இருந்தது. உன் சீனை எடுத்தது நான். அவர்கிட்ட லேப் மேல பழியைப் போட்டேன். உன்கிட்ட அவர் மேல போட்டேன். பன்னெண்டு மணிக்கு நீங்க ரெண்டு பேரும் இந்த ரூம்ல ஒண்ணா நின்னு இந்தத் திரையைப் பார்த்தா எல்லாம் வெளியில வந்துடும்.

— ஓ. மாட்டிக்குவோம்னு தெரிஞ்சதும் அக்கா ஞாபகம் வந்திருக்கு.

— ஆமா. அப்படித்தான். மாட்டாம இருந்திருந்தா சாகற வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

— இருபத்திநாலு வருஷம்டா. என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கே. எங்க வீட்டுக்காரர் இடைவேளைன்னு என்னைக் கேலி பண்ணும்போது நீயும் சிரிச்சிருக்கே.

— சிரிச்சேன்.

— வெக்கமா இல்ல உனக்கு?

— இருக்கு.

— எழுந்திரு, வழியை விடு. நான் போறேன். வேற எவளையாவது கூட்டிட்டு வந்து பேச வை.

— அக்கா, போ. போக வேணாம்னு சொல்ல எனக்கு வாயில்ல.

— இல்ல, இரு. ஏன்னு கேக்காம போனா அது ஒரு பக்கம் அரிச்சுட்டே இருக்கும். நேராச் சொல்லு. நான் மோசமா நடிச்சேனா?

— இல்ல. ரொம்ப நல்லா நடிச்சே. அதான்.

— பொறாமையாடா? உனக்கா?

— சே. இங்க பாரு, மறுபடி ஓட்டறேன். இந்த இடம். தொழிற்சாலையில அந்தப் பொம்பளை துணி திருடிட்டான்னு வீட்டைச் சோதனை போட ரெண்டு பேரு வர்றாங்க. காகிதத்துல என்ன எழுதியிருந்தது, ஞாபகம் இருக்கா?

— ‘அழுகிறாள்.’ அந்த ஒரே வார்த்தை. நான் டைரக்டர்கிட்ட எப்படி சார் அழணும்னு கேட்டேன். உனக்குத் தெரிஞ்ச மாதிரி அழும்மான்னுட்டார்.

— நீ அழவே இல்ல. முட்டி போட்டே. அந்த மேஸ்திரியோட காலைப் புடிச்சே. துவைச்சுட்டு இருந்த கை, ஈரம். பளபளன்னு இருக்கிற அந்த ஷூ மேல உன் அஞ்சு விரலும் பதியுது. அதைப் பார்த்துட்டு, ஐயோ அழுக்காயிடுச்சேன்னு நீயே குனிஞ்சு அதைத் துடைக்கறே. இதோ, இப்ப. காகிதத்துல அது இல்லக்கா. நூறு தடவை முன்னாடி ஓட்டினேன், பின்னாடி ஓட்டினேன். பின்னாடி ஓட்டினா அந்தக் கை ஷூவை அழுக்காக்கிட்டு மேல வரும், அது கொஞ்சம் பரவாயில்லாம இருந்தது. முன்னாடி ஓட்டினா தாங்க முடியல.

— ஏன்டா தாங்க முடியல?

— ஏன்னா அது நீ இல்ல. அது அம்மா.

— என்ன சொன்னே?

— அம்மாதான் அது.

— அது அம்மான்னு உனக்கு யார் சொன்னது? அம்மா வேலை பார்த்த தொழிற்சாலை ஆளுங்க சோதனை போட வந்த அன்னைக்கு வீட்டுல இருந்தது அவ, நான், நீ. நான் அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னாடி நின்னேன். உனக்கு ஒன்பது வயசு, கடுமையான காய்ச்சல். நீ அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டு இருந்தே.

— தூங்கல.

— டேய்.

— தூங்கலக்கா. கண்ணை மூடிட்டு இருந்தேன்.

— என் தலையில இடியைப் போடாதே. அம்மா எதை மறந்தாலும் அதை மட்டும் மறக்கறதில்லடா. இப்பவும், எதையோ பேசிட்டு இருப்பா, திடீர்னு சொல்லுவா, நல்ல வேளை அன்னைக்குச் சின்னவன் தூங்கிட்டான்னு. இந்த சீனைச் செய்யறதுக்கு முன்னாடி அவகிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சேன். உன்னை மாதிரிச் செய்யட்டுமாம்மான்னு கேட்டேன். செய்டி, நடந்ததுதானே, ஆனா சின்னவனுக்கு மட்டும் அது நான்னு தெரிய வேணாம், அவன் எங்க பார்த்தான், தெரிஞ்சுக்க மாட்டான்னா. உலகத்துல அதை அடையாளம் கண்டுபுடிக்க முடியாத ஒரே ஆள் நீதான்னு நம்பித்தான்டா நான் அப்படி நடிச்சேன்!

— அம்மாவும் சம்மதிச்சாளா?

— சம்மதிச்சா. அதை விடு. நீ என்ன பார்த்தே? முழுசாச் சொல்லு.

— குறட்டை நின்னுடுச்சு, பாரேன்.

— புரண்டு படுத்திருப்பா. பேச்சை மாத்தாதே.

— அது வந்து... அவங்க கதவைத் தட்டறதுக்கு முன்னாடியே அம்மா அவங்க வர்றதை ஜன்னல்ல பார்த்துட்டா. பாதி தைச்ச சட்டை அவ மடியில இருந்தது. வெள்ளைத் துணி. ஒரு கை தைச்சிருந்தா, இன்னொரு கை தைக்கல. அதை நாலா மடிச்சு, என் தலையைத் தூக்கி, அடியில வச்சுட்டா. அப்பவே நான் முழிச்சுட்டேன்.

— அந்தத் துணி... அப்ப அவ உண்மையிலயே...?

— உனக்குத் தெரியாதா?

— அவங்க வீணாப் பழி போட்டாங்கன்னுதான் இன்னைக்கு வரைக்கும் நினைச்சுட்டு இருக்கேன். வீடு பூரா தேடினாங்களே, ஒண்ணும் கிடைக்கலயே!

— எல்லாத்தையும் தேடினாங்க. என் தலைக்கு அடியில தேடல. அந்த மேஸ்திரி என் பாய்கிட்ட வந்தார். அப்பத்தான் அம்மா காலைப் புடிச்சா. அப்பத்தான் அதைச் சொன்னா.

— எதை?

— இதோ, நீ படத்துல கடைசியா வாயசைக்கறியே, அதை.

— என்ன பேசினேன்னு எனக்கே மறந்து போச்சேடா. வந்ததுல இருந்து அந்த உதட்டையேதான் பார்க்கறேன்.

— ‘காய்ச்சல்ல கிடக்கான், எழுப்பாதீங்க. எங்கம்மா இப்படி நின்னான்னு அவன் பார்க்க வேணாம்.’

— ஐயோ. ஆமா. அதேதான்.

— எழுப்பிட்டா சட்டை மாட்டிக்கும். அதுக்காகவும் சொன்னா. ஆனா அதுக்காக மட்டும் சொல்லல, அவ குரல்ல தெரிஞ்சது. நான் கண்ணை இறுக்கி மூடினேன். இறுக்கினா தெரிஞ்சுடும்னு கொஞ்சம் லேசா விட்டேன். அந்தச் சந்துல அந்த ஷூவும் அவ கையும் மட்டும்தான் தெரிஞ்சது. அவங்க போனதும் அம்மா வந்து என் நெத்தியைத் தொட்டுப் பார்த்தா. தூங்கறான்னு உன்கிட்ட சொன்னா. அவ முகத்துல அப்படி ஒரு நிம்மதி. அப்புறம் நான் எப்படிக்கா எழுந்திருக்கறது?

— அந்தச் சட்டையை நீ போட்டே. பள்ளிக்கூடத்து போட்டோவுல அதைத்தான் போட்டிருக்கே.

— போட்டேன். போட மாட்டேன்னா எதுக்குன்னு கேப்பா. கிழியற வரைக்கும் போட்டேன்.

— சரிடா. அது அந்த வயசு. இருபத்திநாலு வயசுல எதுக்குடா கத்திரியை எடுத்தே?

— முதல் நாள் காட்சிக்கு நமக்கு நடுவுல அம்மா உக்காரப் போறா. முன் வரிசையில எனக்குப் பொண்ணு தரப் போறவர், அவர் வீட்டு ஆளுங்க. நீ முட்டி போடும்போது அம்மா அழுதுடுவா, அவங்க திரும்பிப் பார்ப்பாங்க, என்னம்மான்னு கேப்பாங்க, அவ உள்ளதைச் சொல்லிடுவா. ஒரு ராத்திரி பூரா இதையே யோசிச்சேன். அம்மாவுக்குத் தலைகுனிவாயிடும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது பொய்யிக்கா. அம்மாவுக்காக இல்ல. எனக்கு அம்மாவைப் பார்த்தே அவமானமா இருந்தது. அந்தக் கையைப் பார்த்து. அந்தக் கை தைச்ச சட்டையைப் போட்டுட்டுப் படிச்சவன் நான். இதை எவன்கிட்ட சொல்றது?

— அம்மா அன்னைக்கு எதுக்கு வந்தா தெரியுமா?

— உன்னைப் பார்க்க.

— என்னைத் தினம்தான் பார்க்கறாளே. கிளம்பும்போது சொன்னா: இருட்டுல நாலு பேரு உக்காந்து பார்ப்பாங்கல்ல பெரியவளே, அந்தப் பொம்பளையைப் பார்த்து உச்சுக் கொட்டறாங்களா, திருடிங்கறாங்களான்னு எனக்குத் தெரியணும்டின்னா. என்னம்மா உளர்றே, நீ எங்க திருடினேன்னு நான் அதட்டினேன். இப்பத்தான் புரியுது. அதுக்காகத்தான்டா படம் முடிஞ்சும் எழுந்திருக்காம என் கையைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தா. விளக்கைப் போட்டப்புறமும்.

— போதும் அக்கா.

— போதாது. என்கிட்ட திருடினதை நான் எப்படியோ செரிச்சுக்குவேன். அவகிட்ட திருடினியே, அதுக்கு என்ன பண்ணப் போறே?

— நீ சொல்றதைப் பண்றேன். வேணாம்னா இப்பவே இந்த சீனை மறுபடி எடுத்துடறேன்.

— மறுபடியுமா? கையை ஒடிச்சுடுவேன். இது இருக்கும். நான் உள்ள போய்ப் பேசத்தான் போறேன், அந்தக் கடைசி வார்த்தை உட்பட. டைரக்டர் வந்ததும் நீ என் முன்னாடி நின்னு அவர்கிட்ட உண்மையைச் சொல்லணும்.

— சொல்றேன்.

— லேப், கீறல்னு இழுக்கக் கூடாது.

— இழுக்கல. ஆனா ஒண்ணு. நான் தூங்கலங்கறதை மட்டும் அம்மாவுக்குச் சொல்லிடாதே. கெஞ்சிக் கேக்கறேன்.

— அதை நான் சொல்லுவேனா? எழுபத்தெட்டு வயசு. அடுப்பை மறக்கறா, கண்ணாடியை மறக்கறா. அவ கையில மிச்சம் இருக்கிறதே அந்த ஒரு நிம்மதிதான். அதையும் புடுங்கவா? மூக்கைத் துடை, மணி பன்னெண்டாகப் போகுது. அம்மாவை எழுப்பு, நான் உள்ள போகணும். அந்தப் பொத்தான் எங்க?

— அக்கா.

— என்னடா?

— விளக்கு எரியுது.

— எந்த விளக்கு?

— பொத்தான் மேல. சிவப்பா.

— நீதானே கையை எடுத்தா கட்டாயிடும்னே?

— எங்க ரூம்ல அப்படித்தான்... இங்க மறுபடி அழுத்தினாத்தான் போல. நாம பேசினது எல்லாம்...

— ஐயோ கடவுளே. ஹெட்போன்! அம்மா? அம்மா, தூங்கறியா?

— இல்லடி பெரியவளே. நானும் கண்ணை மூடிட்டுத்தான் இருந்தேன்.